வாயில் காப்போன் வீட்டுக்காரன் ஆவதோ?

படிப்பகத்தில் மாலை வேளை. ஆலைச் சங்கு ஊதியபின் வந்து அமர்ந்த தோழர்கள், நாளேட்டை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அயல்நாட்டுச் செய்திகள் உள்ள தாள், நெசவுப் பிரிவிலே இருபதாண்டு உழைத்த ஒரு தோழர் கையில். படித்து முடித்தார், தாளை மடித்தார், என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க, அமெரிக்காவுக்கே தலைவருங்க அவரு. தன்னோட நாட்டுக்குள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாதுன்னு சொல்ல அவருக்கு உரிமை இல்லீங்களா? நம்ம வீட்டுக்குள்ளே யாரை விடறதுன்னு நாமதானுங்களே முடிவு பண்றோம்? கோர்ட்டு எதுக்குங்க குறுக்கே வருது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேள்வி எளியது, ஆனால் சிறியதன்று. அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மென்றுகொண்டிருக்கும் கேள்வி அது!

"விடை ஒரு வரிதான், தோழரே! வீடு அவருடையதன்று. அவர் வாயில் காப்போன். வீட்டுக்காரன் வேறு!" என்றேன்.

"கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க" என்றார். அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மன்னன்மீது சாட்டிய குற்றம்

1776-ஆம் ஆண்டு. பதின்மூன்று குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடி, இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியை உதறித்தள்ளிய ஆண்டு. சும்மா உதறவில்லை; குற்றப்பட்டியல் எழுதிவைத்து உதறினார்கள். எங்களைக் கேளாமல் வரி போட்டான் என்றார்கள். எங்கள் ஒப்புதலின்றிப் படையை நிறுத்தினான் என்றார்கள். அதே பட்டியலில் இன்னொரு குற்றமும் உண்டு. பலர் மறந்துவிட்ட குற்றம். அயலார்க்குக் குடியுரிமை தரும் சட்டங்களை மன்னன் தடுத்தான், மக்கள் இங்கு வந்து குடியேற ஊக்கமளிக்கும் சட்டங்களுக்கு இசைய மறுத்தான் என்பது அது!

கவனித்தீர்களா, தோழர்களே? யார் வருவது, யார் வரக்கூடாது என்பதை ஒற்றை மனிதனின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதா என்ற சினம், அந்த நாட்டின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் சினம் 1787-இல் அரசியல் சட்டமாக வடிவெடுத்தது. குடியுரிமைக்கு ஒரே சீரான விதியை வகுக்கும் உரிமையை யாரிடம் தந்தார்கள்? குடியரசுத் தலைவரிடமா? இல்லை! காங்கிரசிடம் தந்தார்கள். காங்கிரஸ் என்றதும் நம் ஊர்க் கட்சியை எண்ணிவிடாதீர்கள். அங்கே நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர்! குடியரசுத் தலைவருக்கு இட்ட பணி என்ன? சட்டங்கள் நேர்மையாக நிறைவேற்றப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது. சட்டம் செய்வோர் ஒருவர், செயலாற்றுவோர் மற்றொருவர், செய்ததும் ஆற்றியதும் முறைதானா என்று பார்ப்போர் மூன்றாமவர். முக்காலியின் மூன்று கால்கள். ஒன்றை எடுத்தால் உட்கார முடியாது.

ஆனாலும், மை காய்ந்து பதினோராண்டு ஆவதற்குள் ஒரு கால் ஆட்டம் கண்டது. 1798. பிரான்சுடன் போர் வருமோ என்ற அச்சம். அச்சம் வந்தால் அறிவு விடைபெறும் அல்லவா? ஆபத்தானவர் என்று தாம் கருதும் எந்த அயலாரையும், விசாரணையின்றி நாடு கடத்தக் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்சுக்கு அதிகாரம் தந்தது காங்கிரஸ். எதிர்ப்பு மூண்டது. இரண்டாண்டு ஆயுள் கொண்ட அந்தச் சட்டம் 1800-இல் மாண்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஆடம்சும் தோற்றார். ஆனால், அதனுடன் பிறந்த இன்னொரு சட்டம் சாகவில்லை. பகைநாட்டு அயலார் சட்டம் என்று அதற்குப் பெயர். போர்க்காலத்துக்கென்று செய்த வாள் அது. உறையிலே துருப்பிடித்துக் கிடந்தது. நினைவில் வையுங்கள், அந்த வாள் பின்னால் வரும்!

கூலிக்காரர், கைதி, சமையற்காரர்

அமெரிக்க அரசியல் சட்டத்தில், வெளியார் வருவதைத் தடுக்கும் அதிகாரம் இன்னாருக்கு என்று நேரடியாக ஒரு வரி கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் நீதிபதிகள். யாருடைய வழக்குகளில் தெரியுமா? சீனத்துப் பாட்டாளிகளின் வழக்குகளில்!

மலையைக் குடைந்து, பனியிலே புதைந்து, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இரும்புப் பாதை போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனக் கூலிகள். பாதை முடிந்தது, பாசமும் முடிந்தது. 1882-இல் சீனத் தொழிலாளர் வரத் தடைச் சட்டம் பிறந்தது. சே சான் பிங் என்ற கூலிக்காரர் கலிபோர்னியாவிலே 12 ஆண்டு உழைத்தவர். 1887-இல் தாய்நாடு சென்று வரப் புறப்பட்டார். திரும்பி வரலாம் என்று அரசே கொடுத்த சான்றிதழ் அவர் சட்டைப்பையில். கப்பல் கடலில் வந்துகொண்டிருக்கும்போதே, 1888 அக்டோபர் முதல் நாள், அந்தச் சான்றிதழ்கள் செல்லா என்று புதுச்சட்டம் வந்தது. ஒரு வாரத்தில் கப்பல் சான் பிரான்சிஸ்கோ வந்தது. இறங்க விடவில்லை! வழக்குப் போட்டார். 1889-இல் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. அயலாரைத் தடுப்பது நாட்டின் இறைமையோடு பிறந்த உரிமை, அதில் அரசின் அரசியல் துறைகள் சொல்வதே முடிவு என்றது. கொடிய தீர்ப்பு. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவரைத் தடுத்தது காங்கிரஸ் செய்த சட்டம், தலைவரின் தனிப்பட்ட பேனா அன்று.

அடுத்தவர் வாங் விங். உரிமையின்றி நாட்டில் இருந்தார் என்று 60 நாள் கடுங்காவல் வேலை. பிறகு நாடு கடத்தல். நடுவர் குழு விசாரணை கிடையாது. அதிகாரி ஒருவரின் வாய்ச்சொல்லே தண்டனை! 1896-இல் நீதிமன்றம் சொன்னது: நாடு கடத்தலாம், ஆனால் முறையான விசாரணையின்றிக் கடுங்காவல் வேலை வாங்க முடியாது. ஏன்? உயிரையும் உரிமையையும் உடைமையையும் முறையின்றிப் பறிக்கலாகாது என்று கூறும் ஐந்தாம் திருத்தம், குடிமகன் என்று எழுதவில்லை; மனிதர் என்று எழுதியிருக்கிறது!

மூன்றாமவர் வாங் கிம் ஆர்க், சமையற்காரர். 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சீனம் சென்று 1895-இல் திரும்பியவரை, நீ குடிமகன் அல்லன், உன் பெற்றோர் சீனர் என்று கூறி, கரைக்கு எதிரே கப்பல்களிலேயே மாதக்கணக்கில் அடைத்தார்கள். அடுப்படியில் நின்ற மனிதர் அரசாங்கத்தையே எதிர்த்து நின்றார். 1898-இல் ஆறு நீதிபதிகள் அவர் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போருக்குப்பின், 1868-இல் வந்த பதினான்காம் திருத்தம், இம்மண்ணில் பிறந்து அதன் ஆட்சிக்கு உட்பட்டவர் குடிமகனே என்கிறது, பெற்றோரின் நாட்டைக் காட்டி அதைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பு.

இந்த மூன்று வழக்குகளில் பிறந்தவைதான் இன்றைய விதிகள். வாயிலுக்கு வெளியே நிற்பவனுக்குப் பிடிமானம் குறைவு. உள்ளே வந்தவன், முறைகேடாக வந்தவனே ஆயினும், அவன் மனிதன். அவனை வெளியேற்றவும் முறை உண்டு. உள்ளே பிறந்தவனோ, வீட்டுப் பிள்ளை!

1952 ஜூன்: பூட்டியதும் திறந்ததும்

இனி, ஆலைத் தோழர்கள் கூர்ந்து கேட்கவேண்டிய கதை. 1952. கொரியப் போர் நடக்கிறது. எஃகு ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தனர். போருக்கு எஃகு வேண்டுமே என்று தலைவர் ட்ரூமன், ஏப்ரலில் ஒரே ஆணையில் ஆலைகளை அரசின் கைக்குள் கொண்டுவந்தார். முதலாளிகள் நீதிமன்றம் ஓடினார்கள். ஜூன் 2-ஆம் நாள், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ட்ரூமன் தோற்றார். சட்டம் இயற்றுவது காங்கிரசின் வேலை. ஆணை போட்டுத் தலைவர் சட்டம் செய்ய முடியாது என்றது தீர்ப்பு. ஆலைகள் முதலாளிகளிடம் திரும்பின. வேலைநிறுத்தம் 53 நாள் நடந்தது.

முதலாளிக்குச் சாதகமான தீர்ப்பாயிற்றே, அதை நாம் ஏன் போற்றவேண்டும் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான்! ஆனால், சட்டமில்லாமல் ஆலையைப் பறிக்கும் பேனா, நாளை சட்டமில்லாமல் ஆளைப் பறிக்கும். அன்று முதலாளி பிடித்துக்கொண்ட அதே கயிற்றைத்தான் இன்று குடியேறிய கூலிக்காரனும் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்க்கிறான்.

அந்த வழக்கில் நீதிபதி ஜாக்சன் மூன்று படிகள் வைத்தார். முன்பு ரூஸ்வெல்ட் ஆட்சியில் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அதிகாரத்தின் ருசி அறிந்தவர். காங்கிரஸ் தந்த அதிகாரத்தோடு தலைவர் செயல்பட்டால், அவர் வலிமை உச்சத்தில். காங்கிரஸ் வாய் திறவாத இடத்தில் செயல்பட்டால், அது அந்தி நேரம். காங்கிரசின் விருப்பத்துக்கு மாறாகச் செயல்பட்டால், வலிமை அடித்தட்டில். இதுதான் அளவுகோல்.

இங்கேதான் வரலாறு கண்சிமிட்டுகிறது! அதே 1952 ஜூன் மாதத்தில், காங்கிரஸ் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. பிறந்த நாட்டை வைத்து இடம் ஒதுக்கிய சட்டம். பரந்த இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்! இது அநீதி என்று ட்ரூமன் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அவரையும் மீறிச் சட்டமாக்கியது காங்கிரஸ். அதன் 212-ஆம் பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு: எந்த வகை அயலார் நுழைவது நாட்டு நலனுக்குக் கேடு என்று தலைவர் கருதினாலும், வேண்டிய காலம்வரை அவர்கள் வருகையை அவர் நிறுத்தி வைக்கலாம்!

நீதிமன்றம் ஒரு கதவைப் பூட்டியது. அதே மாதத்தில், தலைவரே வேண்டாம் என்ற சட்டத்தின் வழியாக, காங்கிரஸ் இன்னொரு கதவின் சாவியைத் தலைவர் பதவியின் கையிலே வைத்தது. நாட்டுக்கு நாடு ஒதுக்கிய அந்தக் கணக்கு 1965-இல் ஒழிந்தது. சாவி மட்டும் திரும்பவில்லை!

யானையும் கழுதையும்

அந்நாட்டில் யானைக் கட்சி, கழுதைக் கட்சி என்று இரண்டு பெருங்கட்சிகள். நாம் எந்தச் சின்னத்துக்கும் கொடி பிடிக்கவில்லை. அதிகாரம் கைக்கு வந்தால் யானைக்கும் தும்பிக்கை நீளும். கழுதைக்கும் காது நீளும்!

1992-இல் யானைக் கட்சித் தலைவர் புஷ், படகில் தப்பி வந்த ஹெய்ட்டி நாட்டு ஏழைகளை நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பியனுப்ப ஆணையிட்டார். தேர்தல் மேடையில் அதைக் கண்டித்தவர் கழுதைக் கட்சிக் கிளின்டன். பதவி ஏறியதும் அதையே தொடர்ந்தார். 1993-இல் உச்சநீதிமன்றமும் அதற்கு இடமளித்தது.

ஒபாமா, தாம் தனியாகச் சட்டத்தை மாற்ற முடியாது என்று பலமுறை சொன்னவர். 2012-இல், பிள்ளைப் பருவத்தில் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்த இளைஞர்களை வெளியேற்றாமல் தள்ளிவைக்கும் திட்டம் தந்தார். நல்ல நோக்கம். ஆனால் காங்கிரஸ் சட்டம் செய்யவில்லை. 2014-இல் அதைப் பெற்றோர்க்கும் விரித்தபோது நீதிமன்றங்கள் தடுத்தன, 2016-இல் உச்சநீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிளந்தது, தடை நின்றது. அடுத்து வந்த ட்ரம்ப் 2017-இல் இளைஞர் திட்டத்தையே கலைக்க முனைந்தார். 2020-இல் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு: கலைக்கலாம்; ஆனால் தக்க காரணம் சொல்லிக் கலைக்கவேண்டும்; அதை நம்பி வாழ்வோரை எண்ணிப் பார்க்கவேண்டும். சுமார் 7 லட்சம் இளைஞர்களின் வாழ்வு அந்த ஒரு நீதிபதியின் வாக்கில் தொங்கியது! நல்லெண்ணத்தால் போட்ட ஆணையும் ஆணைதானே? பேனா தந்ததைப் பேனா பறிக்க வரும்.

மறுபுறமும் பாருங்கள். முஸ்லிம்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று 2015-இல் முழங்கிய ட்ரம்ப், 2017 சனவரியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாட்டாருக்குத் தடை போட்டார். நீதிமன்றம் தடுத்தது, திருத்தினார், மறுபடி தடுத்தது, மறுபடி திருத்தினார். மூன்றாம் வடிவத்தை 2018-இல் ஐந்துக்கு நாலு என்று உச்சநீதிமன்றம் ஏற்றது. எந்தச் சாவி கொண்டு? அதே 1952-ஆம் ஆண்டுச் சாவி! பைடன் 2021-இல் அந்தத் தடையை நீக்கினார். 2025 ஜூனில் ட்ரம்ப் மீண்டும் 12 நாட்டாருக்கு முழுத்தடையும் 7 நாட்டாருக்குப் பகுதித் தடையும் போட்டார். கதவு ஒன்று, சாவி ஒன்று, நான்காண்டுக்கு ஒருமுறை கை மட்டும் மாறுகிறது!

2025: மூன்று ஆணைகள்

2025 சனவரி 20. பதவியேற்ற அன்றே ஓர் ஆணை. தாய் உரிமையின்றியோ தற்காலிக அனுமதியிலோ இருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிலையான வசிப்புரிமை பெற்றவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தை குடிமகனன்று! வேலை அனுமதியில் சென்று பொறியாளராக இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிறக்கும் குழந்தையும் இதில் அடக்கம். நாலே நாளில் சியாட்டில் நீதிபதி ஒருவர், இது வெளிப்படையான அரசியல் சட்ட மீறல் என்று நிறுத்தினார். யானைக் கட்சி ரீகன் அமர்த்திய நீதிபதி அவர்! ஜூனில் உச்சநீதிமன்றம், கீழ் நீதிபதிகள் நாடு முழுமைக்கும் தடை போடும் வழக்கத்தைச் சுருக்கியது. ஆணை சரியா என்று சொல்லவில்லை. டிசம்பரில் அந்தக் கேள்வியையே எடுத்துக் கேட்க ஒப்புக்கொண்டது. சமையற்காரர் வாங் கிம் ஆர்க், 127 ஆண்டு கழித்து மீண்டும் அந்த மன்றத்தின் படி ஏறினார்!

இரண்டாவது, நான் நினைவில் வைக்கச் சொன்ன துருப்பிடித்த வாள். 1812-ஆம் ஆண்டுப் போரிலும் இரு உலகப் போர்களிலும் மட்டுமே உருவப்பட்ட வாள். 2025 மார்ச்சில், போர் ஏதுமில்லாதபோது, வெனிசுலா நாட்டுக் கொள்ளைக் கூட்டம் ஒன்று படையெடுத்துவிட்டது என்று சொல்லி அதை உருவினார் ட்ரம்ப். 130-க்கும் மேற்பட்டோரை அதைக் காட்டி விமானமேற்றி, எல் சால்வடோர் நாட்டுப் பெருஞ்சிறையில் அடைத்தார்கள். நான் அந்தக் கூட்டத்தான் அல்லன் என்று சொல்ல வாய்ப்பே தரவில்லை. ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள்: அறிவிப்பும் எதிர்த்து வாதாட வாய்ப்பும் தரவேண்டும். மே மாதம், எப்படி எதிர்ப்பது என்ற விவரமும் இல்லாமல் 24 மணி நேர அறிவிப்புக் கொடுப்பது போதாது என்று ஏழு பேர் கூறினர், இருவர் மறுத்தனர்.

ஆலைத் தோழனுக்கு இது புரியாதா? சனிக்கிழமை இரவு வாயிலில் ஒரு மெமோ ஒட்டி, திங்கட்கிழமை நீ வேலையில் இல்லை என்றால், அதை விசாரணை என்று ஒப்புக்கொள்வோமா?

மூன்றாவது, 2025 செப்டம்பர் ஆணை. திறன்மிக்க வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்க, தலைக்கு 1 லட்சம் டாலர் கட்டவேண்டும் என்றது. இதற்கும் அதே 212-ஆம் பிரிவுச் சாவிதான். வருகையை நிறுத்தலாம் என்றது சட்டம். சுங்கம் வாங்கலாம் என்றதா? வரி விதிப்பது காங்கிரசின் உரிமை அல்லவா? இந்தக் கேள்விகளோடு வழக்குகள் புறப்பட்டன.

வேலி எங்கே இருக்கிறது?

எதிர்வாதம் பேசுவோர் சொல்வார்கள்: மக்கள் வாக்களித்து அமர்த்திய தலைவராயிற்றே! குடியேற்றத்தைக் கட்டுப்படுத்துவேன் என்று சொல்லித்தானே வென்றார்! உண்மை. வாயில் இல்லாத நாடும் இல்லை. காவல் வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால், காங்கிரசையும் அதே மக்கள்தாம் அமர்த்தினார்கள். அரசியல் சட்டம் அந்த மக்களின் பெயரால்தான் தொடங்குகிறது. வேலைக்காரனுக்கு வீட்டுக்காரன் சாவி கொடுக்கிறான் என்றால், பத்திரத்தையும் எழுதிக்கொடுத்தான் என்று பொருளாகுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வேலி தாளில் இருக்கிறது, தானாக நிற்காது. 1952-இல் காங்கிரஸ் அகலமான சாவியைத் தந்தது. 2018-இல் நீதிமன்றம் உற்றுப் பாராமல் நகர்ந்தது. தலைவர்கள் இரு கட்சியிலும் அதைத் திருகிப் பார்த்தார்கள். தலைவர் வேலியைத் தாண்டினார் என்பது பாதிக் கதை. வேலியைக் காக்கவேண்டியவர்கள் முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தார்கள் என்பது மறுபாதி. சட்டம் செய்யவேண்டிய சபை வாய்மூடிக் கிடந்தால், அந்தி நேரத்தில் பேனா நடமாடும்!

இத்தனையும் கேட்ட நெசவுத் தோழர், சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எங்க ஆலையிலே மேஸ்திரிக்கு ஆளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தற அதிகாரம் உண்டுங்க. ஆனா நிலையாணை ஒண்ணு இருக்குதுங்களே! மெமோ கொடுக்கணும், விளக்கம் கேட்கணும், விசாரணை வைக்கணும். அது இல்லீன்னா, மேஸ்திரிக்குப் பிடிக்காத அன்னிக்கே நாம் வீதியிலேதானுங்க."

இதைவிட நன்றாக அமெரிக்க அரசியல் சட்டத்தை விளக்க என்னால் ஆகாது, தோழர்களே! இன்று அயலான் என்று சொல்லி ஒருவனை விசாரணையின்றி ஏற்றியனுப்பினால், நீ அயலான் அல்லன் என்று நாளை மெய்ப்பிக்க உனக்கு எங்கே இடம்? விசாரணை இருந்தால்தானே, நான் குடிமகன் என்று சொல்லவும் ஒரு மன்றம் இருக்கும்!

வாயில் காப்போன் விழித்திருக்கட்டும், வேண்டாம் என்பாரில்லை. ஆனால், சாவியை எண்ணி வாங்கி வைக்கும் வீட்டுக்காரன் அவனுக்கு முன்னே விழித்திருக்கவேண்டும்!